முதல் புது விலங்கு யாரோடு ஜோடி சேர்ந்தது?

கேள்வி இதுதான்: ஓர் இனம் காலப்போக்கில் வேறோர் இனமாக மாறுகிறது என்றால், முதன்முதலில் மாறிப் பிறந்த அந்த ஒற்றை விலங்கு யாரோடு ஜோடி சேர்ந்திருக்கும்? கூடவே இரண்டு துணைக் கேள்விகள்: தேவை வந்தால் உடம்பு தானாக மாறிக்கொள்ளுமா, மனிதன் இன்னும் மாறிக்கொண்டுதான் இருக்கிறானா.

முதல் கேள்வியைப் பலரும் பரிணாமத்தை மடக்கிவிடும் நினைப்பில் கேட்பார்கள். கேட்கிற நோக்கம் எதுவானாலும் கேள்வி நல்ல கேள்விதான், ஏனென்றால் இதற்குப் பதில் சொல்லப் போனால் பரிணாமத்தின் மொத்த இயந்திரத்தையும் கழற்றிக் காட்ட வேண்டியிருக்கும். நேரடிப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விலங்குகளில், வெகு அரிதாகச் சிலவற்றைத் தவிர, அப்படி ஒரு 'முதல் விலங்கு' பிறப்பதே இல்லை. பொதுவாக எந்தக் குட்டியும் தன் தாயின் இனத்தைச் சேர்ந்ததுதான். செடிகளில் இதற்கு ஒரு வேடிக்கையான விதிவிலக்கு உண்டு, அதைப் பிற்பாடு சொல்கிறேன்.

தமிழும் மலையாளமும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை என்கிறோம். அப்படியானால் மலையாளம் பேசிய முதல் ஆள் யாரோடு பேசினார் என்று யாராவது கேட்கிறோமா? எந்தத் தலைமுறையிலும் அம்மா பேசியது பிள்ளைக்குப் புரிந்தது, பிள்ளை பேசியது அம்மாவுக்குப் புரிந்தது. ஆனாலும் பல நூறு ஆண்டுகள் கழித்து இரண்டு பக்கமும் தனித்தனி மொழி. உயிரினத்திலும் மாறுவது ஆள் அல்ல, கூட்டம். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் கணக்குதான்.

என்ன கணக்கு? ஒரு தீவில் ஆயிரம் பறவைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பறவையிடமும் ஒரு மரபணுவுக்கு இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஆக மொத்தம் 2000 பிரதிகள். அவற்றில் 600 பிரதிகள் அலகைச் சற்றுத் தடிமனாக்கும் வடிவம், மீதி 1400 மெலிதாக்கும் வடிவம் என்றால், தடிமன் வடிவத்தின் பங்கு 30 சதவீதம். சில வருஷம் கழித்துப் போய் எண்ணிப் பார்க்கும்போது அது 45 சதவீதமாகி இருந்தால், அந்தக் கூட்டம் பரிணமித்திருக்கிறது. அவ்வளவுதான் வரையறை. எந்தப் பறவையின் அலகும் அதன் ஆயுளில் தடிக்கவில்லை. யார் செத்தார்கள், யார் எத்தனை குஞ்சு விட்டுப் போனார்கள் என்பதில்தான் விகிதம் மாறியது. (நிஜத்தில் அலகின் வடிவத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன, இது புரிவதற்காக எளிமைப்படுத்தியது.)

இந்த விகிதம் சும்மா இருந்தால் மாறாது. இதுவே ஒரு காலத்தில் பெரிய குழப்பமாக இருந்தது. பண்புகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எப்படிப் போகின்றன என்று சொல்லும் மெண்டலின் விதிகள் 1900இல் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தபோது, ஓங்கு பண்பு (ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரிவது) என்றால் அது தானாகவே கூட்டம் முழுக்கப் பரவிவிட வேண்டாமா, குட்டை விரல் ஓங்கு பண்பு என்றால் ஏன் நாட்டில் முக்கால்வாசிப் பேருக்குக் குட்டை விரல் இல்லை என்று கேட்டார்கள். பன்னெட் என்ற மரபியலாளர் இதைக் கணிதமேதை ஹார்டியிடம் கொண்டுபோக, அவர் 1908இல் சில வரிகளில் தீர்த்து வைத்தார். ராமானுஜனை கேம்பிரிட்ஜுக்கு அழைத்த அதே ஹார்டிதான். அதே ஆண்டில் ஜெர்மனியில் வைன்பெர்க் என்ற மருத்துவரும் தனியாக இதைக் கண்டுபிடித்திருந்தார். சாரம் இதுதான்: யாரும் வெளியே போகாமல், உள்ளே வராமல், யாருக்கும் கூடுதல் சலுகை இல்லாமல், ஒரு பெரிய கூட்டம் கலந்து ஜோடி சேர்ந்தால், நம் 30 சதவீதம் எத்தனை தலைமுறையானாலும் 30 சதவீதமாகவே இருக்கும். இரண்டு தடிமன் பிரதி வைத்திருப்பவை 9 சதவீதம், கலப்பாக வைத்திருப்பவை 42, இரண்டும் மெலிது வைத்திருப்பவை 49. ஓங்கு, ஒடுங்கு என்பதெல்லாம் எது வெளியே தெரியும் என்பதைச் சொல்கிறதே தவிர எது பெருகும் என்பதைச் சொல்வதில்லை. பாடப்புத்தகத்தில் இதை ஒரு சூத்திரமாக மனப்பாடம் செய்ய வைத்து விட்டுவிடுகிறார்கள். அதன் உண்மையான பயன் வேறு: எண்கள் இப்படி இல்லாவிட்டால் அந்தக் கூட்டத்தில் ஏதோ ஒரு விசை வேலை செய்கிறது, போய்த் தேடு என்று அது சொல்கிறது.

விசைகளுக்கு வருமுன், தேவை வந்தால் உடம்பு மாறுமா என்ற கேள்வியை முடித்துவிடலாம், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேதான் இருக்கிறது. ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டித் தின்று கழுத்து நீண்டது, அந்த நீளம் குட்டிக்கும் வந்தது என்ற லாமார்க் பாணிக் கதை கேட்க இயல்பாக இருக்கிறது, அதனால்தான் சாகவே மாட்டேன் என்கிறது. இதை நேரடியாகச் சோதித்த ஒரு பரிசோதனை உண்டு, எனக்குப் பிடித்த பரிசோதனைகளில் ஒன்று. லூரியாவும் டெல்புருக்கும் 1943இல் வெளியிட்டது.

பாக்டீரியாக்களைக் கொல்லும் ஒரு வைரஸ் இருக்கிறது. வைரஸ் நிறைந்த தட்டில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களைக் கொட்டினால் ஏறக்குறைய எல்லாமே சாகும், ஒரு சில பிழைத்துப் பெருகிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். கேள்வி: பிழைத்தவை வைரஸைப் பார்த்த பிறகு 'கற்றுக்கொண்டு' மாறினவா, அல்லது ஏற்கெனவே மாறியிருந்தவையா? அவர்கள் செய்தது இதுதான். பல சின்னக் குழாய்களில் மிகச் சில பாக்டீரியாக்களைப் போட்டுத் தனித்தனியாக வளரவிட்டார்கள், பிறகு ஒவ்வொரு குழாயையும் ஒவ்வொரு வைரஸ் தட்டில் கொட்டினார்கள். வைரஸைக் கண்டபின்தான் மாற்றம் வருகிறது என்றால் எல்லாத் தட்டுகளிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் புள்ளிகள் வர வேண்டும். மாற்றம் முன்பே, எந்தக் காரணமும் இல்லாமல் நிகழ்ந்திருந்தால், எந்தக் குழாயில் அது சீக்கிரமே நடந்ததோ அங்கே அதன் சந்ததி குவிந்திருக்கும், பல குழாய்களில் ஒன்றுமே இருக்காது. வந்த விடை இரண்டாவது. பல தட்டுகள் காலி, சில தட்டுகளில் ஜாக்பாட் அடித்த மாதிரி கொத்துக் கொத்தாகப் புள்ளிகள். ஆக, வைரஸ் யாரையும் மாற்றவில்லை. ஏற்கெனவே தற்செயலாக மாறியிருந்தவர்களைத் தவிர மற்றவர்களைக் கொன்றது. ஆன்டிபயாடிக் எதிர்ப்பும் இந்த வழியில்தான் பெருகுகிறது, மருந்து வடிகட்டுகிறது. (பாக்டீரியாக்கள் தங்களுக்குள் மரபணுக்களைக் கைமாற்றிக்கொள்வதும் உண்டு, அது தனிக் கதை.)

சரி, அந்தத் தற்செயல் மாற்றங்கள் எங்கிருந்து வருகின்றன? டிஎன்ஏவைப் பிரதி எடுக்கும்போது நேரும் பிழைகள்தான் பெரும்பங்கு. மனிதக் குழந்தை ஒவ்வொன்றும் பெற்றோர் இருவரிடமும் இல்லாத சுமார் 60, 70 புது டிஎன்ஏ எழுத்து மாற்றங்களோடு பிறக்கிறது, அவற்றில் பெரும்பாலானவை அப்பா பக்கத்திலிருந்து வருகின்றன, அப்பாவின் வயது ஏற ஏற எண்ணிக்கையும் கூடுகிறது. நீங்களும் ஒரு மியூட்டன்ட்தான், நானும்தான். 300 கோடி எழுத்துகளில் இந்த அறுபது எழுபது எங்கே விழுகின்றன என்று பார்த்தால், பெரும்பாலும் எதையும் பாதிக்காத இடங்களில் விழுகின்றன. சில கெடுதல் செய்கின்றன. வெகு சில, குறிப்பிட்ட சூழலில் மட்டும், கொஞ்சம் உதவுகின்றன.

உதவுகிற மாற்றம் வந்துவிட்டால் அது வென்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். ஹால்டேன் என்ற மரபியலாளர் 1927இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்: மற்றவர்களைவிட ஒரு சதவீதம் கூடுதல் அனுகூலம் தரும் புது மாற்றம்கூட நிலைத்துப் பரவ சுமார் 2 சதவீத வாய்ப்புதான் இருக்கிறது. மீதி 98 சதவீத நேரம், அதைச் சுமந்த அந்த ஓரிரு விலங்குகள் குட்டி போடுமுன் கீழே விழுந்தோ பசியிலோ செத்துப்போக, மாற்றமும் அவற்றோடு போய்விடுகிறது.

இயற்கைத் தேர்வுக்கு உதாரணம் என்றால் எல்லோரும் இங்கிலாந்தின் கறுப்பு அந்துப்பூச்சிக்குப் போவார்கள். அது சரியான உதாரணம்தான், ஆனால் கதை ரொம்ப நேர்த்தியாக ஒரே திசையில் போகிறது. ஆலைப் புகை வந்து மரம் கறுத்தது, பூச்சிக் கூட்டமும் கறுத்தது, புகை போனது, பூச்சி வெளுத்தது. எனக்கு கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் டாஃப்னி மேஜர் என்ற குட்டித் தீவுதான் மேல், ஏனென்றால் அங்கே இயற்கை முன்னும் பின்னுமாக அலைவதைக் கையில் அளவுகோலோடு பார்த்திருக்கிறார்கள்.

பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973இல் அங்கே வேலையைத் தொடங்கினார்கள். அரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லாத எரிமலைப் பாறை. அங்குள்ள ஃபின்ச் குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகின் நீளம், தடிமன், அகலம் அளந்து, எது எதற்குப் பிறந்தது என்ற வம்சாவளி வரை எழுதி வைத்தார்கள், பல பத்தாண்டுகள். 1977இல் மழை பொய்த்தது. சின்ன, மென்மையான விதைகளை எல்லாக் குருவிகளும் சேர்ந்து சீக்கிரமே தின்று தீர்த்துவிட்டன. மிஞ்சியது நெருஞ்சி வகையைச் சேர்ந்த ஒரு செடியின் காய்தான். நெருஞ்சி முள்ளைக் காலில் வாங்கியவர்களுக்கு அது எவ்வளவு கெட்டி என்று தெரியும். தடித்த அலகு இருந்தால்தான் அதை உடைத்து உள்ளே இருக்கும் விதையை எடுக்க முடியும். நடுத்தரத் தரைக் குருவி என்ற இனத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் அந்த வறட்சியில் செத்துப்போயின. பிழைத்தவற்றின் சராசரி அலகுத் தடிமன், வறட்சிக்கு முந்தைய சராசரியைவிட சுமார் அரை மில்லிமீட்டர் கூடுதல். அலகுத் தடிமன் பெருமளவு பரம்பரையாக வரும் பண்பு என்பதை அவர்கள் முன்பே அளந்து வைத்திருந்தார்கள், அடுத்த ஈட்டில் பிறந்த குஞ்சுகளும் சராசரியில் தடித்த அலகோடுதான் வந்தன. அரை மில்லிமீட்டர் என்பது கேட்க ஒன்றுமில்லாத மாதிரிதான் இருக்கும். அந்தத் தீவில் அந்த வருஷம் உயிருக்கும் சாவுக்கும் நடுவே இருந்தது அதுதான்.

இதோடு நின்றிருந்தால் இதுவும் அந்துப்பூச்சிக் கதை போலத்தான். 1983இல் எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வு) வந்து மழை கொட்டித் தீர்த்தது, கொடிகள் படர்ந்து தீவையே மூடின, சின்ன விதைகள் மலிந்தன, அதற்கடுத்த வறண்ட பருவத்தில் சின்ன அலகுக் குருவிகள்தான் நன்றாகப் பிழைத்தன. சராசரி பின்னால் நகர்ந்தது. அப்புறம் 2004, 2005 வாக்கில் மறுபடி கடும் வறட்சி. 1977 மாதிரியே தடித்த அலகு ஜெயிக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? நடந்தது நேர்மாறு. இதற்கிடையில் பெரிய தரைக் குருவி என்ற இன்னோர் இனம் அந்தத் தீவில் குடியேறிப் பெருகியிருந்தது, நெருஞ்சிக் காய்களை அது காலி செய்துவிட்டது. நடுத்தர இனத்தில் தடித்த அலகுக்காரர்கள் அதோடு போட்டி போட முடியாமல் பட்டினியில் சாக, சின்ன அலகுக்காரர்கள் பிழைத்தார்கள். ஒரே தீவு, ஒரே இனம், ஒரே மாதிரி வறட்சி, எதிர் எதிர் முடிவு. அந்த 2004-05 வறட்சியில் எந்த மரபணுவின் விகிதம் சட்டென்று மாறியது என்பதையும் பிற்பாடு பாதுகாத்து வைத்த இரத்த மாதிரிகளிலிருந்து கண்டுபிடித்துவிட்டார்கள், எச்எம்ஜிஏ2 என்ற மரபணு. பரிணாமம் என்பது எதையோ நோக்கி ஏறும் படிக்கட்டு என்று நினைப்பவர்களிடம் நான் இந்தத் தீவைத்தான் காட்டுவேன்.

தேர்வுக்கு விலை உண்டு என்பதற்கு யானையைச் சொல்லலாம். ஆசிய யானையில் பெண்ணுக்கு வெளியே நீட்டிய தந்தம் கிடையாது, ஆனால் ஆப்பிரிக்கச் சவானா யானையில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. மொசாம்பிக்கில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தபோது கொரொங்கோசா பூங்காவில் இரண்டு தரப்பும் தந்தத்துக்காகவும் இறைச்சிக்காகவும் யானைகளைச் சுட்டுத் தள்ளி, எண்ணிக்கை 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. போருக்கு முன் பெண் யானைகளில் 18.5 சதவீதத்துக்குத்தான் தந்தம் இல்லை. போருக்குப் பின் எண்ணியபோது அது ஏறக்குறைய 51 சதவீதம். தந்தம் இல்லாதவை சுடப்பட்டது குறைவு, அதனால் அவை அதிகம் மிஞ்சின. அவற்றின் மகள்களுக்கும் அந்தப் பண்பு போனது. 2021இல் வந்த ஆய்வு இதற்குக் காரணமான மாற்றம் எக்ஸ் குரோமோசோமில் (குரோமோசோம் என்பது டிஎன்ஏவைச் சுருட்டி வைத்திருக்கும் கட்டு, எக்ஸ் பெண்ணுக்கு இரண்டு, ஆணுக்கு ஒன்று) இருப்பதாகக் காட்டியது, அந்த மாற்றம் ஆண் கருவுக்குப் போனால் அது பிழைப்பதில்லை போலத் தெரிகிறது, தந்தமில்லாத தாய்களுக்குப் பிறந்த குட்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு பெண்ணாக இருந்தது அதனால்தான். அதாவது பிறக்க வேண்டிய ஆண் குட்டிகளில் பாதியைப் பலிகொடுக்கும் ஒரு மரபணு மாற்றம், துப்பாக்கி இருந்த சூழலில் 'நல்ல' மாற்றமாகிவிட்டது. அரிவாள் செல் மரபணுவும் இப்படித்தான்: ஒரு பிரதி இருந்தால் கடும் மலேரியாவிலிருந்து காப்பு, இரண்டு பிரதி இருந்தால் கொடிய இரத்தநோய். ஆலிசன் 1954இல் இந்தத் தொடர்பைக் காட்டினார். நல்ல மரபணு எது என்று யாராவது பொதுவாகப் பேசினால், எந்த ஊரில், எந்தக் காலத்தில் என்று திருப்பிக் கேளுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் தேர்வு. ஆனால் விகிதம் மாறுவதற்குக் காரணமே தேவையில்லாமலும் மாறும், அதிர்ஷ்டத்தாலேயே. இதை ஜெனடிக் ட்ரிஃப்ட் என்பார்கள், தற்செயல் நகர்வு என்று வைத்துக்கொள்ளலாம். கூட்டம் சின்னதாக இருந்தால் இதன் கை ஓங்கும். பசிபிக்கில் பிங்கெலாப் என்றொரு பவளத்தீவு. 1775 வாக்கில் வீசிய சூறாவளிக்கும் அதைத் தொடர்ந்த பஞ்சத்துக்கும் பிறகு சுமார் 20 பேர்தான் மிஞ்சினார்கள். அவர்களில் ஒருவரிடம் நிறமே தெரியாத, வெளிச்சத்தில் கண் கூசும் ஒரு குறைபாட்டுக்கான மரபணுப் பிரதி ஒன்று இருந்தது. ஒரு பிரதிதான் என்பதால் அவருக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. ஆனால் மிஞ்சிய 20 பேரின் 40 பிரதிகளில் அது ஒன்று. சந்ததிகள் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொள்ள, சில தலைமுறைகளில் இரண்டு பிரதியும் பெற்ற குழந்தைகள் பிறக்கத் தொடங்கினார்கள். வேறெங்கும் பல்லாயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் அந்தக் குறைபாடு இன்று அந்தத் தீவு மக்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இருக்கிறது. இதில் எந்த அனுகூலமும் இல்லை, தேர்வும் இல்லை. புயலில் யார் மிஞ்சினார் என்பதுதான். வட பசிபிக்கின் யானைச் சீல்களை எண்ணெய்க்காக வேட்டையாடி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு கைப்பிடி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது ஒரு லட்சத்துக்கும் மேல் பெருகிவிட்டன, ஆனால் மரபணு வேறுபாடு இன்னும் அந்தக் கைப்பிடி அளவுதான். எண்ணிக்கை திரும்பும், வேறுபாடு அவ்வளவு சுலபமாகத் திரும்பாது. ஜப்பானிய மரபியலாளர் கிமுரா 1968இல், டிஎன்ஏ அளவில் நிலைபெறும் மாற்றங்களில் பெரும்பாலானவை நல்லதும் இல்லாத கெட்டதும் இல்லாத, தற்செயலாக நிலைத்தவைதான் என்று சொன்னபோது பலருக்கு அது பிடிக்கவில்லை. இன்று அதைக் கணக்கில் எடுக்காமல் யாரும் மரபணு ஆய்வு செய்வதில்லை.

இருப்பதில் விகிதம் மாறுவது சரி, புதிதாக ஒன்று எப்படி உருவாகும் என்று அடுத்த கேள்வி வரும். லென்ஸ்கி என்ற உயிரியலாளர் 1988இல் தொடங்கிய பரிசோதனையைப் பாருங்கள். ஒரே பாக்டீரியாவிலிருந்து 12 குடுவைகள். தினமும் நூறில் ஒரு பங்கை எடுத்துப் புதுக் குடுவைக்கு மாற்றுவது, ஒரு நாளில் ஆறேழு தலைமுறை. 500 தலைமுறைக்கு ஒருமுறை மாதிரியை உறையவைத்துச் சேமிப்பது. கரைசலில் கொஞ்சம் குளுக்கோஸும் நிறைய சிட்ரேட்டும் (சிட்ரிக் அமிலத்தின் ஒரு வடிவம்) இருக்கும், ஆனால் ஈ. கோலை பாக்டீரியாவால் ஆக்சிஜன் உள்ளபோது சிட்ரேட்டைச் சாப்பிட முடியாது. ஏறத்தாழ 31,500 தலைமுறைக்குப் பின் ஒரே ஒரு குடுவை மட்டும் வழக்கத்தைவிடக் கலங்கலாகத் தெரிந்தது. சிட்ரேட்டைத் தின்னக் கற்றுவிட்ட ஒரு வம்சம் அதில் பெருகியிருந்தது. உறையவைத்த பழைய மாதிரிகளை எழுப்பி மறுபடி ஓட்டியபோது, முதல் இருபதாயிரம் தலைமுறைக்கு முந்தையவை அந்தத் திறனைப் பெறவே இல்லை, பிந்தையவை மட்டும் எப்போதாவது பெற்றன. முன்கூட்டியே வேறு சில மாற்றங்கள் சேர்ந்து மேடை போட்டிருக்க வேண்டியிருந்தது. மேடை போட்ட பிறகு நடந்தது எளிது: சிட்ரேட்டை உள்ளே இழுக்கும் மரபணு அதனிடம் முன்பே உண்டு, ஆக்சிஜன் இல்லாதபோது மட்டும் இயங்கும். டிஎன்ஏவில் ஒரு துண்டு இரட்டிப்பாகி, அந்த மரபணுவின் இன்னொரு பிரதி, ஆக்சிஜன் இருக்கும்போது இயங்கும் ஒரு ஸ்விட்சுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. பரிணாமத்தில் 'புதுசு' என்பது பெரும்பாலும் இந்த மாதிரிப் பழையதை இடம் மாற்றி ஒட்டிய வேலைதான்.

இனி இனம் பிரிவது. ஒரு கூட்டத்துக்குள் ஜோடி சேர்வதும் வந்துபோவதும் இருக்கும்வரை மரபணுக்கள் கலந்துகொண்டே இருக்கும், கூட்டம் முழுதும் சேர்ந்தே நகரும். நடுவில் கடலோ மலையோ வந்து இரண்டாகப் பிரித்துவிட்டால், இரண்டு பக்கமும் தனித்தனி மாற்றங்கள், தனித்தனித் தேர்வு, தனித்தனி அதிர்ஷ்டம். நீண்ட காலம் கழித்து மறுபடி சந்திக்கும்போது ஒன்றின் பாட்டு மற்றதற்குப் பிடிக்காது, அல்லது பருவம் பொருந்தாது, அல்லது கலப்புக் குட்டி பிறந்தாலும் மலடாக இருக்கும். உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் 1942இல் கொடுத்த வரையறைப்படி, இயற்கையில் கலக்காத அளவுக்குப் பிரிந்துவிட்டால் இரண்டு இனம். பல லட்சம் ஆண்டுகளும் ஆகலாம், சில ஆயிரத்திலும் முடியலாம்.

டாஃப்னி மேஜருக்கே திரும்பினால், உங்கள் முதல் கேள்விக்கு ஏறக்குறைய ஒரு நேரடிச் சாட்சி அங்கே இருக்கிறது. 1981இல் நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியுள்ள எஸ்பன்யோலா தீவிலிருந்து வேறோர் இனத்தைச் சேர்ந்த ஒரு ஆண் குருவி வழி தவறி வந்து சேர்ந்தது. பெரிய உடம்பு, வித்தியாசமான பாட்டு. திரும்பிப் போக வழியில்லை. அது யாரோடு ஜோடி சேர்ந்தது? அங்கிருந்த நடுத்தரத் தரைக் குருவிப் பெண்ணோடுதான். இந்தக் குருவிகளில் மகன் அப்பாவின் பாட்டைத்தான் கற்கும், அதனால் பிறந்த ஆண்கள் வெளியூர்ப் பாட்டைப் பாடின, உள்ளூர்ப் பெண்கள் அவற்றைச் சீண்டவில்லை, உருவமும் அலகும் வேறு. விரைவிலேயே அந்த வம்சம் தன் உறவுக்குள்ளேயே ஜோடி சேர ஆரம்பித்து, தனிக் கூட்டமாகப் பிரிந்தது. 2017இல் மரபணு ஆய்வோடு இது வெளியானபோது, இத்தனை சில தலைமுறைகளிலா என்று துறைக்காரர்களே வியந்தார்கள். அது நிலைக்குமா என்பது வேறு விஷயம், அந்தச் சின்னக் கூட்டத்தை ஒரு வறட்சி துடைத்துவிடலாம்.

செடிகளில் விதிவிலக்கு என்றேனே. அங்கே ஒரே தலைமுறையில் புது இனம் பிறக்கும். ட்ராகோபோகன் என்ற ஐரோப்பியக் காட்டுச்செடியில் மூன்று இனங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தன, ஒவ்வொன்றுக்கும் 12 குரோமோசோம். கலந்தபோது பிறந்த கலப்பினங்கள் பெரும்பாலும் மலடு, ஏனென்றால் இரண்டு வெவ்வேறு தொகுதிகள் ஜோடி சேர முடியாமல் திணறும். ஆனால் எப்போதாவது மொத்தக் குரோமோசோமும் இரட்டித்து 24 ஆகிவிட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி கிடைத்துவிடுகிறது, செடி வளமாகிவிடுகிறது, பெற்றோர் இனங்களோடு மட்டும் இனி ஒத்துப்போகாது. 1950இல் இப்படி இரண்டு புது இனங்களை ஓன்பி என்ற தாவரவியலாளர் அறிவித்தார். இங்கே 'முதல் செடி' என்று ஒன்று நிஜமாகவே உண்டு. அது யாரோடு சேர்ந்தது? தன்னோடேதான், தன் மகரந்தமே போதும். பிற்பாடு பார்த்ததில் அதே புது இனங்கள் பல இடங்களில் பலமுறை தனித்தனியாக உருவாகியிருப்பதும் தெரிந்தது. நாம் சாப்பிடும் ரொட்டிக் கோதுமையின் 42 குரோமோசோம்களும் மூன்று புல் இனங்கள் இப்படிச் சேர்ந்து வந்தவைதான்.

அப்படியானால் குரோமோசோம் எண்ணிக்கை விலங்குகளில் மாறும்போது? இதுதான் உங்கள் கேள்வியின் மிகக் கூர்மையான வடிவம். சிம்பன்சிக்கு 24 ஜோடி, நமக்கு 23. நம் முன்னோரில் இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டி, இன்றைய நம் இரண்டாம் குரோமோசோம் ஆனது. நுனியில் இருக்க வேண்டிய எழுத்து வரிசை அதன் நடுவில் இருப்பதை இன்றும் பார்க்கலாம். ஒட்டிய குரோமோசோமோடு பிறந்த முதல் ஆள் சாதாரண ஆட்களோடுதான் சேர்ந்திருப்பார், 47 குரோமோசோமோடு. ஒட்டிப்போனதால் தகவல் பெரிதாக எதுவும் தொலையவில்லை, பிள்ளை பெறும் வாய்ப்பு சற்றுக் குறையும், அவ்வளவுதான். இன்றும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவர் வேறு விதமாக ஒட்டிய குரோமோசோம்களோடு, மொத்தம் 45 வைத்துக்கொண்டு, தெரியாமலேயே வாழ்கிறார்கள், குழந்தைகளும் பெறுகிறார்கள். குதிரைக்கு 64, மங்கோலியாவின் ப்ரெஷ்வால்ஸ்கி காட்டுக்குதிரைக்கு 66. இரண்டும் சேர்ந்தால் 65 உள்ள குட்டி பிறக்கும், அது வளமானது. குதிரையும் 62 உள்ள கழுதையும் சேர்ந்தால் பிறக்கும் கோவேறு கழுதைதான் மலடு. எண்ணிக்கை வேறானதே தடை என்றால் இரண்டுமே மலடாக இருக்க வேண்டும். பிரிந்திருந்த காலம்தான் கணக்கில் வருகிறது.

கடைசியாக, மனிதன் இன்னும் மாறுகிறானா. மாறுகிறான். பெரியவனான பிறகும் பாலைச் செரிக்கும் திறன் மாடு வளர்த்த சமூகங்களில் கடந்த பத்தாயிரம் ஆண்டுகளுக்குள் பரவியதுதான். ஐரோப்பாவில் அதற்குக் காரணம் ஓர் எழுத்து மாற்றம், கிழக்கு ஆப்பிரிக்காவில் வேறு எழுத்து மாற்றங்கள், இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் வந்தவை. திபெத் இன்னும் சுவாரசியமானது. கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் மீட்டர் உயரத்தில் நாம் போய் வாழ்ந்தால் உடம்பு சிவப்பணுக்களை அளவுக்கு மீறிப் பெருக்கி இரத்தம் கெட்டிப்படும், பிரசவத்தில்கூடச் சிக்கல் வரும். திபெத்தியர்களில் பெரும்பாலானோரிடம் ஈபிஏஎஸ்1 என்ற மரபணுவின் ஒரு தனி வடிவம் இருக்கிறது, அது இந்த மிகையைத் தடுக்கிறது. பக்கத்திலுள்ள ஹான் சீனர்களிடம் அது மிக அரிது. 2014இல் அந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, சைபீரியாவின் ஒரு குகையில் கிடைத்த விரல் எலும்பின் டிஎன்ஏவோடு பொருந்தியது. டெனிசோவன் என்ற, நம்மிலிருந்து பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன வேறொரு மனித வகையின் எலும்பு அது. பிரிந்துபோன இரண்டு கூட்டங்கள் மறுபடி சந்தித்து ஜோடி சேர்ந்திருக்கின்றன, அந்த உறவில் வந்த ஒரு துண்டு டிஎன்ஏ பல ஆயிரம் ஆண்டுகள் கழித்து மலை ஏறியவர்களுக்குக் கைகொடுத்திருக்கிறது. அந்த டெனிசோவன்கள் வேறு இனமா, நம் இனமா என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.